எதிரொலி அறைக்கு வேப்பம் பலகை

1996 ஒக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது; இரண்டு வாளியும் ஒரு குடமும் நிரப்பி மூடினேன். ஐந்தே காலுக்குச் சவரம். ஐந்து முப்பத்தைந்துக்குத் துறைமுகத்துக்குள் கடற்படைப் படகு நீருக்கடியில் வெடி ஒன்று போட்டது. அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த கிண்ணங்கள் ஒரு முறை நடுங்கி நின்றன. கப்பல்களின் அடியில் யாரும் நீந்தி வந்துவிடாதபடி நாளும் பொழுதும் போடும் வெடி அது. எங்கள் தெருவில் அதற்கு யாரும் தலை நிமிர்த்துவதில்லை. ஐந்து ஐம்பதுக்குச் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஆறு மணிக்குத் தேநீர். ஆறு பத்துக்கு என் மனைவியின் தம்பி சைக்கிளில் வந்து படலையைக் காலால் தள்ளித் திறந்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. அந்த ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அது நல்ல வயது அல்ல. பேக்கரி ஒன்றில் வேலை, செவ்வாய் விடுமுறை. அன்று அவன் பஸ்ஸில் துறையடிக்குப் போய், பாதை என்கிற மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குக் கடந்து, அங்கே மரவேலை செய்யும் ஓர் ஓடாவியார் எனக்காக அறுத்து இழைத்து வைத்திருந்த வேப்பம் பலகைகளைக் கட்டிக் கொண்டுவர வேண்டும். எனக்கு அலுவலகத்தில் விடுமுறை கிடைக்கவில்லை. நான் வாய்க்கால் வரைபடங்கள் வரையும் படவரைஞன்; அந்தக் கிழமைக்குள் முடிக்க வேண்டிய தாள்கள் மூன்று இருந்தன.

வழியில் இராணுவக் காவலரண்களில் காட்ட, பிளாஸ்ரிக் உறையில் போட்ட கடிதம் ஒன்றை அவனிடம் கொடுத்தேன். சிங்களத்தில் நானே எழுதியது.

"சென்றியில மறிச்சால் முதல்ல இதைக் குடு. நீ வாயால விளக்கப் போகாதை. ஒரு சொல்லு மாறினாலும் கரைச்சல்."

"பலகைக்குக் கடிதம் குடுத்துவிடுற முதல் ஆள் நீங்கள்தான் அத்தான். அது என்ன பள்ளிக்கூடத்துக்கே போகுது?"

"சிரிக்காதை. கேட்டால் கடிதத்தில உள்ளதுதான் எண்டு சொல்லு. வேற எதுவும் சொல்லாதை."

"ஓம், ஓம்."

சைக்கிளை எங்கள் வீட்டுச் சுவரோடு சாத்திவிட்டு, ஆறரை பஸ்ஸுக்கு நடந்தான்.

பலகை எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் பக்கத்தில், கடை போடும் எண்ணத்தோடு கட்டிய ஓர் அறை இருக்கிறது. பன்னிரண்டு அடிக்குப் பத்தடி, நான்கு பக்கமும் சீமெந்து, நிலமும் சீமெந்து. கடை திறக்கவில்லை. என் மனைவி அதில் ஆறு பிள்ளைகளுக்கு வயலின் படிப்பித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்துக்குக் கிட்ட ஒரு குண்டு வெடித்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் இடது காதில் துணி சுற்றியதுபோல ஆகிவிட்டது என்றாள். அந்தத் துணி பிறகு அவிழவே இல்லை.

இரண்டு காதும் உள்ளவர்களுக்கே அந்த அறை பொல்லாதது. ஒரு கை தட்டினால் இரண்டு சுவருக்கும் நடுவில் அந்தச் சத்தம் ஓடி ஓடி, ஓட்டின்மேல் கடலை கொட்டியதுபோல அடித்து ஓயும். ஆறு வயலின் சேர்ந்தால் இருபது வயலின். யார் பிசகுகிறார்கள் என்று ஒற்றைக் காதால் பிரித்தறிய அவளால் ஏலவில்லை. ஒருநாள் பிழை விடாத பிள்ளையை ஏசிவிட்டாள். அந்தப் பிள்ளை வில்லை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதது. அன்று பின்னேரம் குசினிக் கதவில் சாய்ந்து நின்று, "இனி நான் விடுறன்," என்று மட்டும் சொன்னாள். அறையைச் சரிசெய்து தரும்வரை வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் மெத்தையும் போர்வையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். எதிரொலி போனது, அதோடு வயலினும் போனது. "செத்த வீடு மாதிரிக் கிடக்கு," என்றாள். சத்தத்தை விழுங்காமல், ஒரே முகமாகத் திருப்பியும் அனுப்பாமல், உடைத்துப் பல பக்கமும் பரப்பிவிடும் சுவர்ப் பலகை என்று ஒன்று இருப்பதை அலுவலகத்தில் கிடந்த பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் படித்தேன். பக்கம் பக்கமாக ஏழு பள்ளங்கள், நடுவில் மெல்லிய தடுப்புகள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேறு ஆழம். பூச்சியம், ஒன்று, நாலு, இரண்டு, இரண்டு, நாலு, ஒன்று. அந்த எண்களுக்கு ஒரு கணக்கு விதி உண்டு; கடைசிவரை செய்து பார்த்து, சரிதான் என்று தெரிந்த பிறகே மனைவியிடம் காட்டினேன்.

"ஏழு எண்ட உடனை சுரமாக்கும் எண்டு நினைச்சன்," என்றாள். "இதில நாலு ரெண்டு தரம் வருது. இந்தச் சுரத்தை எந்தப் பிள்ளை பாடும்?"

எதனால் செய்வது என்பதில் மூன்று கிழமை போயிற்று. ஒரு கொப்பியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். வேறு ஊரில், வேறு காலத்தில் அது சுகமான வேலையாக இருந்திருக்கும். இங்கே எந்தப் பொருளைத் தொட்டாலும் அதற்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருந்தது.

மைத்துனன் பேக்கரியிலிருந்து நாற்பது முட்டைத் தட்டுகள் கொண்டுவந்தான். கடதாசி; ஒரு பொறி போதும். அதைவிட, அவை சத்தத்தின் கூர்மையை மட்டும் மழுக்கின, மற்றதையெல்லாம் அப்படியே விட்டன. பிறகு நாலு அங்குலப் பிளாஸ்ரிக் குழாயை நெடுக்காகப் பிளந்து வேறுவேறு நீளத்தில் வைக்கலாம் என்று நினைத்து இரும்புக்கடைக்குப் போனேன். நீளங்களை எழுதிய துண்டை நீட்டினேன். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இந்தச் சைஸ் குழாயைத் துண்டு துண்டா நான் வெட்டித் தரமாட்டன். நீங்களும் வெட்டாதேங்கோ," என்று மெல்லச் சொல்லித் துண்டை நாலாக மடித்து என் கைக்குள் வைத்தார்.

அந்த அளவுக் குழாய்த் துண்டு குண்டு செய்யவும் உதவும் என்பது சந்திவரை நடந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தத் துண்டை அங்கேயே கிழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன்.

பனங்குற்றி நல்ல பொருள்; பாரம், வளைவு, சத்தத்தை அழகாக உருட்டி விடும். ஆனால் பதுங்குகுழிக்கு மேலே அடுக்குவதும் அதுதான். மூன்று பனங்குற்றியை முற்றத்தில் இறக்கினால், யாருக்காகக் குழி வெட்டுகிறாய் என்று இராணுவம், இயக்கம் இரண்டு பக்கமும் கேட்பார்கள். மணல் நிரப்பிய தகரங்கள், அதுவும் அதே கதை. போத்தல்கள் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். ஒரு அதிர்ச்சி வந்தால் ஆறு பிள்ளைகளின் முகத்துக்கும் அவை வரும். தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து ஆணி அடிக்கலாம் என்றது அவளுடைய யோசனை. அடித்துப் பார்த்தோம். வயலின் பேசும்போதெல்லாம் சிரட்டை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு முனகியது.

தேயிலைப் பெட்டிப் பலகைதான் கடைசியில் ஏமாற்றியது. மலிவு, லேசு, சந்தேகம் இல்லாதது. ஒரு பள்ளம் மட்டும் செய்து சுவரில் சாத்தினேன். அவள் நல்ல காதைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்றாம் தந்தியில் வில்லை மெதுவாக இழுத்தாள். பெட்டி நடுங்கியது.

"இது தன்ர கதையைக் கதைக்குது," என்றாள். "நாங்கள் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுற பலகை வேணும்."

பாரமும் வேண்டும், நடுக்கமும் கூடாது, கறையானும் பிடிக்கக் கூடாது. வேம்பு. கிண்ணியா ஓடாவியாரிடம் காய்ந்த வேப்பம் பலகை இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஒரு சனிக்கிழமை போய், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். முட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பலகை ஒன்றும் பேசவில்லை. அளவுகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டுத் தடுப்புப் பலகை, ஏழு அடிக்கட்டை. அடிக்கட்டை ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் எண்ணைப் பென்சிலால் போடச் சொன்னேன், பூட்டும்போது மாறிவிடாமல் இருக்க.

கடிதத்துக்கு வருகிறேன். அந்தப் பலகைக்குத் தமிழில் பெயர் இல்லை. 'ஒலிச்சிதறல் கட்டை' என்று நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி. அரசாங்க வேலைக்கான சிங்களச் சோதனை பாஸ் பண்ணியவன் நான், அகராதியும் இருந்தது. 'சிதறு' என்ற சொல்லுக்கு எதிரே நான்கு சிங்களச் சொற்கள் இருந்தன. முதலாவதை எடுத்தேன். கார்பன் தாள் வைத்துப் பிரதியும் எடுத்துக் கோப்பில் போட்டேன்.

அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, தாள் ஒன்றுக்கு மை காயும்வரை வேலை இல்லாமல் இருந்தது. கடிதத்தில் ஒரு வேற்றுமை உருபு சரிதானா என்று ஒரு சின்னச் சந்தேகம் காலையிலிருந்து இருந்தது. எங்கள் தட்டெழுத்தாளர் கந்தளாயிலிருந்து வரும் சிங்களப் பெண்மணி. கந்தளாய்க் கடைத்தெருவில் பழகிய நல்ல தமிழ் பேசுவார். பிரதியை அவரிடம் நீட்டினேன். படித்தார். திரும்பவும் மேலிருந்து படித்தார்.

"சேர், இது நீங்க எழுதினதா?"

"ஓம். அந்த மூண்டாவது வரியில உருபு சரியோ?"

"உருபு எல்லாம் சரி. எழுத்துப் பிழை ஒண்டும் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அதுதான் மோசம். இதில என்ன இருக்கு தெரியுமா? சத்தம் போட்டு வெடிச்சுத் தூள்தூளாப் போற கட்டை ஏழு. இலக்கம் போட்டிருக்கு. இத வச்சிருக்கிறவர் என்ட ஆள், போக விடுங்க. அப்பிடித்தான் இருக்கு."

அவர் பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இது போயிட்டதா?"

"காலமை."

அவர் பிரதியை என் கையில் தரவில்லை. மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் வீட்டில எரிச்சிடுறன். நீங்க போங்க சேர்," என்றார்.

மூன்று மணிக்கு அனுமதி கேட்டு வெளியே வந்தேன். பஸ் நிலையத்தில் நின்றபடி கணக்குப் போட்டேன். ஓடாவியாரிடம் எட்டரைக்குப் போயிருப்பான். பன்னிரண்டுக்குள் கட்டி முடிந்திருக்கும். ஒரு மணிக்குள் இக்கரைக்கு வந்து சென்றியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டியிருந்தால் இரண்டரைக்கு வந்த பஸ்ஸில் இருந்திருப்பான்; அந்த பஸ்ஸில் வந்தவன் பலகைக் கட்டோடு என் அலுவலக வாசலைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். கடக்கவில்லை. மூன்றரைக்குத் துறையடிக்கு ஒரு பஸ் இருந்தது. ஏறினால் நாலே முக்காலுக்குப் போய்ச் சேருவேன். திரும்பி வர பஸ் இல்லை, ஆறு மணிக்குப் பிறகு அந்த வீதி மூடிவிடும். வழியில் அவன் எதிர் பஸ்ஸில் கடந்து போனாலும் எனக்குத் தெரியாது. பஸ்ஸின் கைபிடியைப் பிடித்தேன், விட்டேன். அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், அகராதியின் நான்கு சொற்கள் உட்பட.

அவள் அழவில்லை. "எத்தனை மணிக்குக் கடைசி பஸ் வரும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு அம்பது."

"பிள்ளையள் வரப் போகுதுகள். அதுகளுக்கு முன்னாலை முகத்தை இப்படி வச்சிருக்காதேங்கோ."

நாலு மணிக்கு வகுப்புத் தொடங்கியது. நான் விறாந்தையில் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அறைக்குள் ஆறு வயலினும் சரளி வரிசையில் ஏறி இறங்கின, சுவர்கள் அதையே இன்னும் இரண்டு தரம் ஏற்றி இறக்கின. அவள் குரல் வழக்கம்போல இருந்தது. ஒரு தடவை மட்டும், "ஆர் பிழை விட்டது?" என்று கேட்டாள், பதில் வரவில்லை, "சரி, திரும்ப," என்றாள். நாலரைக்கு ஒரு நீரடி வெடி. அந்த நேரத்தை எழுதக் கொப்பியை எடுத்தேன்.

அப்போதுதான் அந்தக் கொப்பியைப் பார்த்தேன். மூன்று கிழமையாகக் கை தட்டி எதிரொலியை எண்ணும்போது, நடுவில் வெடி வந்து குழப்பினால், எந்த அளவு கெட்டது என்று தெரிய அதன் நேரத்தையும் குறித்திருந்தேன். திகதி வாரியாக. காலை, மாலை, எத்தனை நிமிட இடைவெளி. கடற்படை எப்போது வெடி போடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல அட்டவணை ஊரில் யாரிடமும் இருந்திருக்காது. எதிர்ப் பக்கத்தில் குழாய், பனங்குற்றி, மணல் தகரம். கொப்பியின் அட்டையில் அழகான எழுத்தில் என் பெயரும் வீட்டு இலக்கமும்.

பிள்ளைகள் போன பிறகு மனைவி அதை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கம் பக்கமாகக் கிழித்து அடுப்பில் வைத்தாள். அட்டை எரியத் தாமதமானது. தேங்காய் மட்டை ஒன்றைச் சேர்த்து எரித்தாள். மேலே நான் எழுதியிருக்கும் பொருள்களின் விபரம் எல்லாம் அதனால் ஞாபகத்திலிருந்து எழுதியவைதான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் படலை திறந்தது. வெறுங்கையோடு வந்தான். சட்டையின் ஒரு தோள் வியர்வையில் கறுத்திருந்தது. அக்கா அவனை வாசலிலேயே பிடித்து, முகத்தையும் கைகளையும் முதுகையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அடிக்கேல்லை அக்கா. ஒருத்தரும் தொடேல்லை. தண்ணி தா."

ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், உங்களுக்கு ஒண்டு சொல்லட்டே? சென்றியில நிண்ட பொடியன் நல்லவன். கட்டை அவிழ்த்துப் பாத்தான். தட்டுத் தட்டாப் பலகை. அவனே சிரிச்சுக்கொண்டு, 'ராக்கயக்த?' எண்டு கேட்டவன்."

இறாக்கையா என்று கேட்டிருக்கிறான். சாமான் வைக்கும் தட்டுக்கு நாங்களும் சிங்களவரும் சொல்வது ஏறக்குறைய ஒரே சொல்.

"நீ என்ன சொன்னனீ?"

"நான் 'நே, நே' எண்டு கையை ஆட்டிப்போட்டு உங்கட கடிதத்தை நீட்டினனான்." ஒரு கணம் என்னைப் பார்த்தான். "வேற எதுவும் சொல்லாதை எண்டு சொன்னனீங்களெல்லோ."

மனைவி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடிதத்தைப் படித்ததும் அந்தச் சிப்பாயின் முகம் மாறியிருக்கிறது. பலகைகளை விட்டு எல்லோரையும் இருபது அடி தள்ளி நிற்கச் சொன்னான். அதிகாரி ஒருவர் வந்தார். கட்டைகளின் முதுகில் இருந்த எண்களைக் கம்பால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பாதையில் வந்த அத்தனை சனமும் வெயிலில் ஒரு மணித்தியாலம் காத்து நின்றது. "பலகை மடையா எண்டு ஒரு கிழவி எனக்குப் பேர் வச்சிட்டுது," என்றான். பிறகு யாரோ ஒரு கட்டையை உளியால் பிளந்து பார்த்தார்கள். உள்ளே வேம்புதான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறதே. கடைசியில் பலகைகளையும் அவனுடைய அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு, வழியில் மறித்தால் காட்ட ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

துண்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடிதம் எழுதிய நபர், பொருளின் வரைபடத்தோடு, நாளைக் காலை எட்டு மணிக்கு முன், இந்த இளைஞனோடு. அதன்பின் ஒரு சொல். அகராதியில் பார்த்தேன். அதற்குச் 'சோதனை' என்றும் போட்டிருந்தது, 'விசாரணை' என்றும் போட்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தெருவின் தெற்கு முனையில் ஒரு வீட்டிலிருந்து ஒரு சின்ன விசாரணை என்று அந்த வருட மாசி மாதத்தில் கூட்டிக்கொண்டு போன ஆள் இன்னும் திரும்பவில்லை.

அட்டை இல்லாமல் அவன் சந்திவரைகூடப் போக முடியாது. துண்டின் காலம் எட்டு மணியோடு முடிகிறது. போகாமல் இருந்தால் அவர்கள் வருவார்கள். போனால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வரைபடத்தில என்ன எழுதியிருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

தலைப்பில் 'ஒலிச்சிதறல் கட்டை' என்று தடித்த எழுத்தில் இருந்தது. தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும். பிளேடால் சுரண்டலாம், சுரண்டிய இடம் வெளிச்சத்தில் தெரியும். புதிய தாளில் திரும்ப வரைந்தேன். பழையது கொப்பி போன வழியே போனது. தலைப்பு எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"இறாக்கை எண்டு எழுதுங்கோவன்," என்றாள்.

"அது இறாக்கை இல்லையே. பள்ளம் எல்லாம் நெட்டுக்குத்தாக நிக்கும். அதில ஒரு சாமானும் நிக்காது."

"அத்தான்," என்றான் மைத்துனன், மிகவும் பொறுமையாக. "கடதாசியைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ."

பக்கவாட்டாகத் திருப்பினேன். நின்ற தடுப்புகள் எட்டும் படுத்துத் தட்டுகளாயின. ஏழு அறை. பின்பக்க ஆழம் மட்டும் ஒழுங்கில்லாமல். அப்படியே வைத்து, மேலே அந்தச் சொல்லைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். அன்று இரவு அவன் எங்களோடேயே படுத்தான். யாரும் தூங்கவில்லை என்பதற்கு மேல் அந்த இரவைப் பற்றிக் குறிக்க ஒன்றும் இல்லை.

9ஆம் திகதி, புதன்கிழமை, தேநீருக்கும் முன் முதல் வேலையாக மூவரும் ஆறே கால் பஸ்ஸில் ஏறினோம். பெண் ஒருத்தி கூட நின்றால் கையை ஓங்கமாட்டார்கள் என்று சொல்லி மனைவி வந்தாள். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. இடையில் இரண்டு சென்றியில் இறங்கி நடந்து ஏறினோம்; இரண்டிலும் அவன் துண்டை நீட்டினான், இரண்டிலும் அதைப் படித்தவர்கள் அவன் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார்கள். ஏழு இருபத்தைந்துக்குத் துறையடி.

அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசையில் என் கடிதம், அதன்மேல் அடையாள அட்டை, பக்கத்தில் மரநிழலில் பலகைகள். கடிதத்தை நான்தான் எழுதினேனா என்று கேட்டார். என் சிங்களம் சோதனைத்தாளில் இருந்த அளவு வாயில் இல்லை. ஆம் என்றேன். பிழையான சொல் போட்டுவிட்டேன், அகராதி பார்த்து எழுதியதால் வந்த பிழை என்றேன்.

"அப்படியானால் சரியான சொல் என்ன?"

இது நான் வரைபடத்தைச் சரித்துப் பிடித்தபோது எதிர்பார்த்த கேள்விதான். ஆனாலும் ஒரு நொடி, சத்தத்தைப் பற்றியும் சுவரைப் பற்றியும் என் மனைவியின் காதைப் பற்றியும் சரியாக, முறையாக விளக்கிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. பின்னால் மனைவி செருமினாள்.

"ராக்கய, சேர்," என்றேன்.

வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம் என்றார். புத்தகங்கள் பல அளவு என்றேன். அவர் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பையன் இரண்டு தடுப்புப் பலகையைப் படுக்கவைத்து, நடுவில் அடிக்கட்டையைச் செருகி, தன் தண்ணீர்ப் போத்தலை அதில் வைத்துப் பார்த்தான். போத்தல் நின்றது. அதிகாரி மைத்துனனைப் பார்த்தார்.

"நேற்று இவன் ஏன் ராக்கய இல்லை என்று சொன்னான்?"

இதற்கு நாங்கள் பதில் தயாரித்திருக்கவில்லை. மைத்துனன் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், நிலத்தைப் பார்த்தபடி, "பய உணா, சேர்," என்றான். பயந்துவிட்டேன் என்று.

அதிகாரி அட்டையில் இருந்த படத்தையும் அவனையும் பார்த்தார். பிறகு அடையாள அட்டையை மேசையின் விளிம்புக்குத் தள்ளினார். அவன் அதை எடுக்கவில்லை, எடுக்கலாமா என்று தெரியாமல் நின்றான். அக்காதான் எட்டி எடுத்து அவன் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினாள். பலகையையும் கொண்டுபோகச் சொன்னார். கடிதத்தை இரண்டாக மடித்துத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். அதைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் கட்டைத் தூக்கிப் பார்த்து, "என்ன அண்ணை இது, இந்தப் பாரம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன், "இறாக்கை," என்று பதில் சொல்லிவிட்டான். பிளந்த கட்டையின் இரண்டு பாதியும் கட்டுக்குள் அடங்கவில்லை. அவற்றை நான் மடியில் வைத்திருந்தேன், ஓடாவியார் பென்சிலால் எண் போட்ட பக்கம் கீழே இருக்கும்படி.